கேஸ்ப் என்று ஒரு வார்த்தை

...பத்து நிமிஷத்தைக் கொண்டுபோய் நாலு எழுத்துக்குள் அடைத்திருக்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம், எந்தச் சந்தையில் செல்லும் இது, என்று குணசுந்தரி அந்தத் தாளை மூன்றாவது தடவையாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏசி காற்றில் தாளின் முனை படபடத்தது. அதன் மேல் மூடி கழற்றின பேனாவை வைத்துவிட்டுப் போயிருந்தான் சபரிநாதன், எச்.ஆர். ஆபீசர், மூடியைக் கழற்றக்கூட இவளுக்கு நேரம் ஆகக் கூடாது என்று அவ்வளவு கரிசனம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வைங்கக்கா, ஒரு போன் பேசிவிட்டு வந்துவிடுகிறேன் என்று செல்லைக் காதில் ஒட்டிக்கொண்டு வெளியே போனவன், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தாளில் மொத்தம் ஏழு வரி, ஏழும் இங்கிலீஷ். மேலே அவள் பெயர், பேக்கிங் செக்‌ஷன் லைன் லீடர், பதினோரு வருஷ சர்வீஸ். அதன் கீழே, கான்ட்ராக்ட் தொழிலாளி அரசப்பன் அன்று மதியம் இரண்டு பதினேழுக்கு விரல் வைத்து அவுட் பஞ்ச் போட்டுவிட்டுச் சொந்தக் காரணமாகக் கம்பெனியை விட்டு வெளியே போனார் என்று ஒரு வரி, ரோட்டோரத்தில் ஒரு கேஸ்ப் விட்டு உட்கார்ந்தார் என்று ஒரு வரி, மனிதாபிமான முறையில் நான் ஆட்டோவில் ஏற்ற உதவினேன் என்று ஒரு வரி, இதெல்லாம் நான் கண்ணால் கண்டது என்று கடைசி வரி. கண்ணால் கண்டதாமே. கண்ணுக்கு வாய் இருந்தால் காறித் துப்பியிருக்கும். அரசப்பன் செத்து இன்றோடு ஒன்பது நாள், இன்னும் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் அந்த மனுஷனை ஏழு வரியில் மடித்துக் கவரில் போட்டுவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள், ஒரு முழு ஆளை ஒரு வார்த்தையில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

கேஸ்ப். அவளும் பிளஸ் டூ வரை படித்தவள்தான், பார்சல் சீட்டும் லேபிளும் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் கையில் இருக்கிறது, ஆனால் இந்த வார்த்தையோடு இதுவரை முகப் பழக்கம் இல்லை. ஒருவேளை பெரிய வார்த்தையோ, சிலது அப்படித்தான், பார்க்க எறும்பு மாதிரி இருக்கும், உள்ளே யானை படுத்திருக்கும், அவசரப்பட்டுத் திட்டிவிடக் கூடாது என்று செல்லை எடுத்து, மகள் தேவதர்ஷினி போட்டுக் கொடுத்திருந்த அகராதியில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். திடீரென வாய் வழியே மூச்சை உள்ளிழுத்தல், வியப்பினாலோ வலியினாலோ மூச்சு முட்டுவதினாலோ. சரி. உள்ளிழுத்தல், இழுத்தான், முடிந்தது, ஒரு தடவை. கீழே உதாரணம் வேறு கொடுத்திருந்தான் புண்ணியவான். பரிசுப் பெட்டியைத் திறந்த அவள் கேஸ்ப் விட்டாள். மலை உச்சியிலிருந்து கடலைக் கண்டு பயணிகள் கேஸ்ப் விட்டனர். விலையைக் கேட்டதும் என் மாமியார் கேஸ்ப் விட்டார்... மாமியார் விடுவாள், ஏன் விடமாட்டாள், அவளுக்கு என்ன, விட்ட மூச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கடைசியாக இன்னொன்று, எங்கள் அணி கடைசி கேஸ்ப் வரை போராடியது, பக்கத்தில் கால்பந்து படம். ஏண்டா, பரிசுப் பெட்டி, கடல், மாமியார், கால்பந்து, இத்தனை பேர் மூச்சுக்கும் இடம் இருக்கிற அகராதியில் ஆசிட் தொட்டிக்குள் இறங்கினவன் மூச்சுக்கு ஒரு வரி இல்லையா? வார்த்தைக்குப் பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர் படம் இருந்தது, கை பட்டுவிட்டது, யாரோ வெள்ளைக்காரப் பெண், நல்லா சாப்பிட்டு நல்லாத் தூங்கி எழுந்த குரலில், அந்த அமைதியான ரூமில் கணீரென்று அதைச் சொன்னாள். சொன்ன வேகத்தில் முடிந்தும்விட்டது. அரை நொடி. கதவுக்கு வெளியே சபரிநாதன் திரும்பிப் பார்த்தான், இவள் செல்லைக் கவிழ்த்து வைத்தாள், என்னவோ இவள் திருடின மாதிரி.

பெரியபாளையம் கோயில் தெருவில் கடை போட்டவர் மகளிடம் இந்த எடைக்கல் வேலை செல்லுமா. நைனாவுக்கு, பரசுராமன் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது, வளையலும் குங்குமமும் தேங்காய்த் தட்டும்தான் வியாபாரம், ஆடி மாசம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு ஜில்லா ஜனமும் அந்தச் சந்துக்குள்தான் நிற்கும், அந்த நெரிசலில் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி நிறுப்பவன், மேல் பூவை நனைத்து முழம் போடுபவன், முழங்கையை மடக்கி முழத்தைச் சுருக்குபவன், இவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் இது. அளவு குறைத்து விற்பவன் எப்போதும் சிரித்துக்கொண்டே விற்பான், நைனா சொல்வார், சரியாக நிறுப்பவன்தான் சிடுசிடுவென்று இருப்பான். சபரிநாதன் காலையிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருக்கிறான். வயசுக்குத் தம்பி, பதவிக்கு சார், இரண்டுக்கும் நடுவில் அவன் இவளை அக்கா என்கிறான், இவள் அவனை சார் என்கிறாள், இந்த உறவுக்கு எந்த அகராதியில் பெயர் இருக்கிறதோ. காலையில் ஷிப்ட் ஏறியதும் கூப்பிட்டு இந்தத் தாளை முதலில் நீட்டியபோதே பேரம் ஆரம்பித்துவிட்டது. இவள் சொன்னாள், இந்த வார்த்தை பத்தாது சார், அவர் பத்து நிமிஷம் மூச்சுக்கு அல்லாடினார். அவன் யோசித்தான், அப்ப ஹெவி கேஸ்ப் என்று போட்டுவிடலாமா என்றான். பாரமான மூச்சாம், எவன் தூக்கிப் பார்த்தான். இவள் முடியாது என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஒன்றுக்கு மேல் இருக்கிற மாதிரி பின்னால் ஒரு எஸ் சேர்த்துவிடுகிறேன் என்றான். "ஒரு எஸ் போட்டா எத்தினி மூச்சு சார் ஏறும்?" என்று கேட்டாள். அவன் அதற்கும் சிரித்தான். ஆனை கேட்டவளுக்கு வால் மயிர் ஒன்று கொசுறு. கையெழுத்தானதும் தாள் போலீசுக்குப் போகும், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போகும், நாளைக்கு அரசப்பன் பெண்டாட்டி கங்கம்மா நியாயம் கேட்டு எந்தப் படி ஏறினாலும் இந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும், வாம்மா, உன் புருஷன் வெளியே போய்த்தான் செத்தான், கம்பெனிக்கும் அவனுக்கும் இரண்டு பதினேழோடு சரி, இதோ கூட வேலை பார்த்தவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று.

என்ன நடந்தது என்று இந்தப் பையனுக்கு என்ன தெரியும், அன்று அவன் லீவு. இரும்புச் சாமானுக்குத் துத்தநாகம் பூசுகிற கம்பெனி இது, பூசுவதற்கு முன்னால் துருப் போக ஆசிட் தொட்டியில் முக்குவார்கள், மூணு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டியை வடித்துவிட்டு அடியில் தங்கின சகதியை ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிற ஆளுக்கு முகமூடி உண்டு, பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள், ஆடிட் வருகிற அன்றைக்கு வெளியே வரும், கோயில் நகை மாதிரி. புகை உறிஞ்சுகிற பெரிய ஃபேன் உண்டு, அது எட்டு நாளாக ரிப்பேர். இறங்க ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் மோகன்ராஜ் கேட்டபோது அரசப்பன்தான் கை தூக்கினார், தூக்குவார், தூக்காமல் இருக்க அவரால் முடியாது. பழவேற்காட்டு ஏரியில் வலை போட்ட குடும்பம், அடியில் கல்லில் சிக்கின வலையை முங்கிப் போய் விடுவித்து வருகிற மூச்சு அவருக்கு, ஏரியில் மீன் குறைந்துபோய் ஐம்பது வயசில் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறி வந்தவர், இங்கே இரும்புக்கு நடுவில் அந்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் டீ இடைவேளையில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இவள்தான் எண்ணுவாள், நூறு, நூற்றிருபது, முகம் சிவக்காது, கண் மட்டும் சிரிக்கும், நூற்றைம்பதில் எல்லாரும் போதும் போதும் என்று டீயை நீட்டிவிடுவார்கள், அவரும் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, மூக்கு வழியாகக் காற்றை உள்ளே விடுவார், விருந்தாளியை உள்ளே கூப்பிடுகிற மாதிரி. அப்பேர்ப்பட்ட ஆள். அந்த மனுஷனுக்கா கேஸ்ப்.

இரண்டு மணி பத்து நிமிஷம், கடிகாரம் அவள் தலைக்கு நேரே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்கெட் எண்ணுகிற லைன் லீடருக்கு மணி தப்பாது. தொட்டிப் பக்கமிருந்து அவர் நடந்து வந்தார், ஆமாம், தன் காலால்தான் நடந்து வந்தார், பேக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்னண்ணே என்று கேட்டாள், வாய் திறந்தது, உள்ளே காற்றுப் போகிற சத்தம் கேட்டது, ஆனால் போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லை, வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற மாதிரி, மறுபடி வாய் திறந்தது, மறுபடி, கழுத்து நரம்பு கயிறாக எழுந்தது, தோள்பட்டை இரண்டும் காதுக்கு ஏறி ஏறி இறங்கியது, வலையிலிருந்து கரையில் கொட்டின... வேண்டாம், அந்த உவமை வேண்டாம், அதை அவர் ஊர்க்காரர்களே சாவு வீட்டில் சொன்னார்கள், அதைக் கேட்டுத்தான் கங்கம்மா மயங்கி விழுந்தாள். ஒரு மூச்சா அது? எண்ணியிருந்தால் இருநூறு இருக்கும். ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியாக, பேரம் பேசி, கெஞ்சி, கடைசியில் குறைந்த அளவுக்கு ஒத்துக்கொண்டு வாங்கின மாதிரி இருந்தது. இவளும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு கேட்டுக்குப் போனார்கள், ஸ்டோர் ரூமைத் தாண்டி, லாரி எடைபோடுகிற மேடையைத் தாண்டி, என்ன வெயில் அன்றைக்கு, நடுவில் இரண்டு தடவை உட்கார வைத்து, அப்புறம் கேட்டில் கொஞ்ச நேரம், அப்புறம் ஆட்டோ. இரண்டு இருபதுக்கு ஆட்டோ கிளம்பியது. அவ்வளவும் உள்ளே. கேட்டுக்கு உள்ளே. ரோட்டோரமாம். ரோட்டையே அந்த மனுஷன் ஆட்டோவுக்குள் இருந்துதான் பார்த்தார், பார்த்தாரோ என்னவோ.

கேட்டில் கொஞ்ச நேரம்... ஆமாம், அதையும் சொல்ல வேண்டியதுதானே, செக்யூரிட்டி பீட்டர் பாஸ் கேட்டார். கெட்டவர் இல்லை பீட்டர், கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற மனுஷன், கான்ட்ராக்ட் ஆளை ஷிப்ட் நடுவில் பாஸ் இல்லாமல் விட்டதற்காக முன்னால் ஒரு தடவை பத்து நாள் வீட்டில் உட்கார்ந்தவர், அவுட் பாஸுக்கு மோகன்ராஜ் சார் கையெழுத்து வேண்டுமேக்கா என்றார், மோகன்ராஜுக்குப் போன் போட்டார், பிஸி, மறுபடி போட்டார், பிஸி. பாழாய்ப்போன பாஸ். அதையும் இந்த ஏழு வரியில் காணோம் பார், பீட்டரையும் காணோம், மோகன்ராஜையும் காணோம், ஃபேனையும் காணோம், முகமூடியையும் காணோம், தாளில் இருப்பது இரண்டே பேர், அரசப்பனும் அவளும். அதற்குள் வெளியே ஆட்டோ வந்து நின்றுவிட்டது, பீட்டரே சின்னக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார், போங்கக்கா நான் பார்த்துக்கிறேன் என்று. எடுத்துவிட்டார் இல்லையா. கதவு திறந்துதான் இருந்தது. அப்போது யார் நின்றது? யார், பஞ்ச் போடலன்னா இன்னிக்கு ஆப்சென்ட் ஆயிடுமே என்று சொன்னது? பீட்டரா? அந்தப் பெண்ணா? அரசப்பனா, பேசுகிற நிலையிலா இருந்தார்?

இவள்தான் சொன்னாள். அது ஒன்றும் தப்பு எண்ணத்தில் சொன்னதில்லை, இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், கான்ட்ராக்ட் ஆளுக்கு இன் பஞ்ச் இருந்து அவுட் பஞ்ச் இல்லை என்றால் அன்றைய நாளே கிடையாது, அதோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் போய்விடும், அதனால் விரல் நசுங்கினவன் மற்ற விரலை வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவான், கர்ப்பிணி வலியோடு நின்று வைத்துவிட்டுப் போனதுண்டு, புதுசாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் இவளே சொல்லிக் கொடுப்பாள், உசுர விட்டாலும் பஞ்ச் விடாதீங்கடி என்று, சொல்லிவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம். பாவம் மனுஷன் காலை ஆறு மணிக்கே வந்தவர், எட்டு மணி நேரம் உழைத்தது வீணாகக் கூடாதே என்று, அவருக்கு நல்லது செய்கிற மாதிரிதான், அவர் கையைத் தூக்கி, கட்டை விரலைப் பிடித்து, கேட்டுச் சுவரில் இருந்த மிஷினில் வைத்தாள். சகதி ஒட்டியிருந்தது, மிஷின் சிவப்பு விளக்குப் போட்டு, ப்ளீஸ் ட்ரை அகைன் என்றது. தன் ஓவர்கோட்டில் துடைத்து மறுபடி வைத்தாள். ப்ளீஸ் ட்ரை அகைன். அவர் கை இவள் கையில் கனத்தது, அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, மிஷினைத்தான் பார்த்தார், அதனிடம்தான் காற்றுக் கேட்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து... தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலைக் கழுவினாள். நன்றாகக் கழுவினாள், நகத்திடுக்கு வரைக்கும். மூன்றாவது தடவை பச்சை விளக்கு, தேங்க் யூ. இரண்டு பதினேழு. அதற்கப்புறம்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? ஒன்றரை? அதனால் ஒன்றும் ஆகியிருக்காது, டாக்டரே சொன்னாரே, புகை உள்ளே போய் நுரையீரல் வெந்துவிட்டது, நினைவில்லாமலாவது நாலாம் நாள் வரை இருந்ததே பெரிசு என்று. ஒன்றரை நிமிஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது. ஆனால் டீ பந்தயத்தில் ஒன்றரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவள் இவள்தானே... சரி, இருக்கட்டும், பேச்சு அதைப் பற்றி இல்லை, பேச்சு இந்த வார்த்தையைப் பற்றி. யார் கண்டுபிடித்தது இந்த வார்த்தையை, அதைச் சொல்லட்டும் முதலில். லீவில் இருந்தவன், தொட்டியைப் பார்க்காதவன், ஏசி ரூமில் உட்கார்ந்து எங்கிருந்து பொறுக்கினான் இதை?

கதவு திறந்தது, சபரிநாதன் செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான், கையெழுத்து இல்லாத இடத்தைப் பார்த்தான், முகம் மாறவில்லை. இவள் விடவில்லை, நேராகவே கேட்டாள்.

"இந்த வார்த்தைய யாரு சார் உங்களுக்குச் சொன்னது? நீங்க பாத்தீங்களா?"

"நீங்கதாங்க்கா சொன்னீங்க," என்றான். கேலியாகச் சொல்லவில்லை, அவனுக்கே இவள் மறந்துவிட்டாளே என்று ஆச்சரியம் மாதிரிதான் இருந்தது. "சாவு ஊட்ல. நான் மாலை எடுத்துக்கினு வந்து நின்னுகினு இருந்தேன் இல்ல, அந்தம்மா உங்ககிட்ட கேட்டாங்களே. நீங்க சொன்னதைத்தான் நான் இங்கிலீஷ்ல போட்டேன்."

அந்தம்மா கேட்டாள். ஆமாம், கேட்டாள். ஏரிக்கரையில் சின்னத் தெரு, பந்தலுக்கு வெளியே கங்கம்மா இவள் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அழுது தொண்டை போயிருந்தது, காதுக்குள் சொல்கிற மாதிரிதான் குரல் வந்தது. "யக்கா, நீ தான கூட இருந்த. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் இஸ்துக்கினு கெடந்தாராக்கா? மறைக்காத சொல்லு." மறைக்காதே என்று கேட்பவளிடம்தான் மறைக்க வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கடியில் புருஷன் இறங்கும்போதெல்லாம் கரையில் நின்று எண்ணியே வாழ்ந்தவளிடம் போய், இருநூறு தடவை என்றா சொல்வது? "இல்ல கங்கம்மா. ஒரே ஒரு தரம் மூச்ச இழுத்தாரு, அப்டியே ஒக்காந்துட்டாரு. கஷ்டமே படல," என்று சொன்னாள். கங்கம்மா அதை வாங்கி மடியில் முடிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினாள். பின்னால் மாலையோடு சபரிநாதன் நின்றிருந்தான், அவன் முகத்தில்கூட அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது, இவள் பார்த்தாள். ஆக புளியை ஒட்டியது இவள். பத்து நிமிஷத்தை ஒன்றாக்கி நிறுத்துக் கொடுத்தது இவள் கை. அவன் செய்ததெல்லாம் சீட்டுப் போட்டது மட்டும்தான்.

அதனால் என்ன? துக்க வீட்டில் சொன்ன பொய்யும் போலீசுக்குப் போகிற தாளும் ஒன்றா? கோபம் வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது, அவள் ஆறுதலுக்குச் சொன்னதைத் திருடிக்கொண்டு வந்து ஆதாரமாக விற்கிறான் இவன், அது வேறு சரக்கு, வேறு கடை, அதற்கு வேறு விலை என்று கத்த வேண்டும் போல இருந்தது, கொஞ்சம் கத்தியும்விட்டாள். சபரிநாதன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பேனாவை எடுத்து அந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்தான்.

"சரிக்கா. இந்த வரிய நீங்க சொல்ற மாரியே மாத்திக்கலாம். பத்து நிமிஷம், மூச்சுத் திணறல், எல்லாம் போட்டுக்கலாம், உள்ளவே ஆச்சுன்னாலும் போட்டுக்கலாம். மேல அவுட் டைம் மட்டும் அப்டியே இருக்கட்டும், அது மிஷின் ரெக்கார்டு. அவரே பஞ்ச் பண்ணிட்டுப் போயிருக்காரு இல்ல."

ஜெயித்துவிட்டாள். காலையிலிருந்து கேட்டதை எல்லாம் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டான், இவ்வளவு சுளுவாகவா, என்று அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான், கேட்ட விலைக்கு உடனே படிந்துவிட்டால் வாங்குகிறவள் சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அது. அவரே பஞ்ச் பண்ணிவிட்டு. அந்த வரி காலையிலும் அங்கேதான் இருந்தது. மூன்று தடவை படித்தாள், மூன்று தடவையும் கண் அதன் மேல் நடந்துதான் போனது, எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை கேஸ்ப் வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை சண்டை போட்டவள் அதற்கு மேல் வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஏன் கேட்கவில்லை? ஆடிக் கூட்டத்தில் கண்ணாடி வளையலுக்கு வாய் கிழியப் பேரம் பேசுகிறவளைக் கண்டால் நைனா அவள் வாயைப் பார்க்கமாட்டார். இவ சத்தம் இங்க இருக்குது, கை எங்க இருக்குதுன்னு பாரு குணா, என்பார். அவள் பார்ப்பாள். கை எப்போதும் வேறு எங்கோ இருக்கும்.

"இன்னாக்கா? ஓகேவா?"

"அதுக்கு மேல் வரியும் மாத்தணும் சார்," என்றாள்.

"அதுல இன்னாக்கா இருக்குது? அவரு வெரல் தான?"

அவர் விரல்தான். நேரமும் சரி. மிஷின் எதையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. விரலைப் பிடித்து வைத்தது யார் என்று சொன்னால் கங்கம்மாவுக்கு வழி பிறக்கும், உள்ளே நடந்தது உள்ளே நடந்ததாகும். சொன்னால் அதே கங்கம்மா, கதவு திறந்திருந்தும் என் புருஷனை நிறுத்தி வைத்து விரல் கழுவினது நீயா என்று கேட்பாள், ஒரே ஒரு தரம் என்று சொன்னியே என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வாள், உன் புருஷனுடைய ஒரு நாள் கூலி போய்விடக் கூடாதே என்று என்றா? இவள் கோபத்தைத் தேடினாள். காலையிலிருந்து அவ்வளவு வசதியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அவன் மேல் போட்டால் அவன் மேல், வெள்ளைக்காரன் மேல் போட்டால் வெள்ளைக்காரன் மேல், இப்போதும் அது போய்விடவில்லை, இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்றுதான் தெரியவில்லை. தமிழில் எழுதலாமா என்று கேட்டாள். எழுதுங்கக்கா, அதுவும் செல்லும் என்று அவன் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினான். அவள் பேனாவை எடுத்து அரசப்பனின் விரலை என்று எழுதினாள், அதற்கு அடுத்து எழுத வேண்டியது இரண்டே எழுத்துச் சொல்தான், நான், இவ்வளவு சின்னதாக இருக்கிறதே இது, என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.